வயதுக்கு வந்த பெண்ணை லேடி டாக்டரிடம் எப்போது காட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மண்டபம் கிடைப்பது கஷ்டம். கல்யாணத்துக்கு இணையாக மஞ்சள் நீராட்டு விழாக்கள் நடக்கின்றன. தாய்மாமன் சீர், தட்டு வரிசை, பேனர் என்று எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் அடுத்த மாதவிலக்கு எத்தனை நாள் கழித்து வரலாம், எத்தனை நாள் நீடிக்கலாம், எந்த அளவு போனால் அதிகம் என்பதை அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் உட்கார வைத்துச் சொல்பவர் அநேகமாக யாரும் இல்லை. மகப்பேறு மருத்துவர் என்றாலே கல்யாணம் ஆகி நாள் தள்ளிப்போன பிறகு பார்க்க வேண்டியவர் என்ற எண்ணம் நம் பக்கத்தில் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. அதற்கு முன்பே அழைத்துப் போனால் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற பயம் வேறு. இதனால் பெண் பிள்ளைகள் படும் பாட்டை அன்றாடம் பார்ப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறோம். தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், 13 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் ஒரு முறை மகளிர் நல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைப்பதும் இந்த வயதைத்தான். வயதுக்கு வந்து ஓராண்டு கழிந்த பிறகு வரும் ஏதாவது ஒரு பள்ளி விடுமுறை இதற்குப் பொருத்தமான நேரம் என்பது எங்கள் கருத்து. அதற்குள் நாலைந்து மாதவிலக்காவது வந்திருக்கும். பேசுவதற்குக் கையில் கணக்கு இருக்கும். ஒன்றும் இல்லாதபோது ஒரு முறை வந்து போன பெண், பின்னால் ஏதாவது வந்தால் தயங்காமல் வருவாள். வலியிலோ இரத்தப்போக்கிலோ துவண்டு முதன்முதலாக வரும் பெண்ணிடம் பாதி விவரம் பயத்திலேயே போய்விடுகிறது.

தாய்மார்களைத் தடுக்கும் பெரிய பயம் உள் பரிசோதனை. "கன்னிப் பெண்ணை உள்ளே பரிசோதித்துவிடுவார்களா, அதனால் பின்னால் கல்யாணத்துக்கு ஏதாவது பிரச்சினை வருமா" என்று வாசலிலேயே நின்று கேட்கிறார்கள். முதல் சந்திப்பில் உள் பரிசோதனை கிடையாது. உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கழுத்தில் தைராய்டு வீக்கம் இருக்கிறதா, கண்ணும் நாக்கும் வெளுத்திருக்கின்றனவா, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். பிறப்புறுப்பைப் பார்க்க வேண்டிய காரணம் இருந்தால்கூட வெளியிலிருந்து மட்டும், அதுவும் பெண்ணின் சம்மதம் கேட்ட பிறகுதான். ஆண் மருத்துவர் பரிசோதித்தால் பெண் செவிலியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மேல்விஷாரத்திலோ வாணியம்பாடியிலோ இருந்து வரும் குடும்பங்கள் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்பதிலும் தவறே இல்லை. சீட்டு வாங்கும் இடத்திலேயே சொல்லிவிடலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் இந்த வயதில் தேவையில்லை. அது 30 வயதில் தொடங்குவது.

ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும் வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுப்பதுதான். அதற்கு ஒரு மணி நேரம் முன்பாக நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்து குடலை மேலே ஒதுக்கினால்தான் கர்ப்பப்பையும் சினைப்பையும் தெளிவாகத் தெரியும். இதைச் சொல்லாமல் அனுப்புவதால், ஒடுகத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண் "பிளாடர் நிரம்பவில்லை" என்று மதியம் வரை ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க நேர்கிறது. உடலுறவு கொள்ளாத பெண்ணுக்குக் கருவியை உள்ளே செலுத்தி எடுக்கும் ஸ்கேன் செய்வதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் மறுத்துவிட்டு வேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்படியானால் முதல் சந்திப்பில் என்னதான் நடக்கும்? பெரும்பாலும் பேச்சுத்தான். கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முந்தையது எப்போது, எத்தனை நாள் இருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், அவை முழுக்க நனைகின்றனவா, வலியால் பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை என்று கேட்பார்கள். இதற்கு விடை தாயிடம் இருப்பதைவிட மகளிடம் இருப்பது நல்லது. வீட்டு நாள்காட்டியில் தொடங்கிய தேதியைப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் நாப்கின் எண்ணிக்கையைக் குறித்தால் போதும். மூன்று மாதம் குறித்த நாள்காட்டித் தாள்கள் பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். கணக்குப் போடும்போது இரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுவது வழக்கமாக நடக்கும் தவறு. தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் முதல் நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணினால் 26 நாள் சுழற்சி 21 நாளாகத் தெரியும், வீண் கவலை வரும்.

பேச்சின் ஒரு பகுதியில், ஐந்து பத்து நிமிடம், தாயை வெளியே இருக்கச் சொல்வோம். அம்மாக்களுக்கு இது சங்கடமாக இருக்கும்; ஆனாலும் அனுமதியுங்கள். அம்மா எதிரில் சொல்லக் கூசும் விஷயம் எந்தப் பெண்ணுக்கும் இருக்கும். பிறப்புறுப்பில் அரிப்பு, மார்பின் அளவைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை, சாப்பிடாமல் பட்டினி கிடப்பது, பஸ்ஸிலோ சொந்தக்காரர் வீட்டிலோ யாரோ தொட்டது, பழகும் பையன் என்று எதுவாகவும் இருக்கலாம். வெளியே வந்த பிறகு "டாக்டரிடம் என்ன சொன்னே" என்று தோண்டித் துருவ வேண்டாம். மருத்துவர் அந்தப் பேச்சை ரகசியமாகவே வைத்திருப்பார். ஆனால் 18 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குப் பாலியல் ரீதியாக ஏதாவது நடந்திருப்பது தெரிந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. இதைப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சில அறிகுறிகள் இருந்தால் 13 வயது வரை காத்திருக்கக் கூடாது. 8 வயது நிறையும் முன்பே மார்பு வளரத் தொடங்கினாலோ, 10 வயதுக்கு முன்பே வயதுக்கு வந்தாலோ உடனே காட்ட வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. 13 வயது முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றாலும், 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலும், மார்பு வளரத் தொடங்கி மூன்று ஆண்டாகியும் வரவில்லை என்றாலும் பார்க்க வேண்டும். "எங்க அக்காவும் லேட்டாத்தான் உக்காந்தா" என்று 17, 18 வயது வரை தள்ளிப்போடுவதைப் பார்க்கிறோம். இதில் ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயதுக்கு வராத 14, 15 வயதுப் பெண்ணுக்கு மாதாமாதம் அடிவயிறு வலிக்கிறது, இரண்டு மூன்று நாளில் விடுகிறது, ஒரு நாள் சிறுநீரே கழிக்க முடியாமல் போகிறது என்றால், பிறப்புறுப்பின் வாயில் உள்ள சவ்வு துளையில்லாமல் மூடியிருக்கலாம். மாதவிலக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. சிறிய அறுவை சிகிச்சையில் தீரும். கவனிக்காமல் விட்டால் தேங்கிய இரத்தம் கர்ப்பப்பை, கருக்குழாய் வரை ஏறும். பெண்ணின் மானத்துக்குக் கெடுதல் என்று நினைத்து இந்த அறுவை சிகிச்சைக்கே மறுக்கும் குடும்பங்கள் உண்டு. வெட்டியது ஏன் என்று எழுதிய சான்று மருத்துவமனையிலேயே கிடைக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கடிதத்தில் நாங்கள் மிகவும் வற்புறுத்த விரும்புவது அதிக இரத்தப்போக்கைப் பற்றி. வயதுக்கு வந்த முதல் ஓரிரண்டு ஆண்டுகள் மாதவிலக்கு முன்பின்னாக வரும். மாதாமாதம் கருமுட்டை வெளியேறும் பழக்கம் உடலுக்கு இன்னும் வரவில்லை. முட்டை வெளியேறினால்தான் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரந்து கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வைக் கட்டுப்படுத்தும். இல்லையென்றால் அது தடித்துக்கொண்டே போய் ஒழுங்கில்லாமல் உடைந்து கொட்டும். இது பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. ஏழு நாளைத் தாண்டினாலோ, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிட்டாலோ, இரவில் மாற்ற எழுந்திருக்க வேண்டியிருந்தாலோ, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுந்தாலோ அது அதிகம். ஒரு சுழற்சியில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. ஒரு மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. 80 மில்லியோடு 40 மில்லிகிராம் போய்விடுகிறது. நம் சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மாதம் முழுக்கச் சேர்த்தது ஐந்தே நாளில் கரைந்துபோகும்போது வளரும் உடம்புக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. படிப்பில் கவனமில்லை, சோம்பேறி, எப்போதும் தூக்கம் என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் பலருக்கு ஹீமோகுளோபின் 8, 9 என்றுதான் இருக்கும். 12-க்குக் குறைந்தாலே இரத்த சோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையானது.

முதல் மாதவிலக்கிலிருந்தே கொட்டுகிறது என்றால் இரத்தம் உறைவதில் பரம்பரைக் குறை இருக்கிறதா என்று தேட வேண்டும். மூக்கில் இரத்தம் வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இருப்பது, பல் பிடுங்கியபோது அதிகம் போனது, இடித்துக்கொள்ளாமலே உடம்பில் கன்றிய தடம் தெரிவது ஆகியவை துப்பு. அக்கா மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் பழக்கம் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. தாயிடமும் தந்தையிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரே குறை, பிள்ளையிடம் இரண்டு பக்கமும் சேரும்போது வெளிப்பட்டுவிடும். கிளான்ஸ்மேன் குறைபாடு, பதின்மூன்றாம் உறைகாரணிக் குறைபாடு போன்றவை அப்படி வருபவை. இவற்றைவிட அதிகம் காணப்படுவது, இரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் குறைவதால் வரும் வான் வில்லிபிராண்ட் நோய். இதற்கெல்லாம் சோதனை செய்யும் இரத்தவியல் துறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவமனையில் இருப்பது நம் பகுதிக்குப் பெரிய வசதி. முதல் கட்டமாக முழு இரத்த எண்ணிக்கை, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். இந்தக் குறை இருக்கும் பெண்ணுக்கு வயிற்று வலிக்கு ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் தரக் கூடாது. தட்டணுக்களின் வேலையைத் தடுத்து இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்து, தலைசுற்றி, நெஞ்சு படபடத்தால் வெளிநோயாளர் சீட்டுக்கு நிற்காதீர்கள். 108-ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கும் முறையிலும் தவறு நடக்கிறது. பள்ளிகளில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு வாரம் ஒன்று தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வயிறு குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசிவிடுகிறார்கள். மலம் கறுப்பது இயல்பு. குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோடு மட்டும் சேர்க்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உடலில் நன்றாக ஏறும். ஏற்கெனவே இரத்த சோகை இருந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது. மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்கி, ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் விடாமல் போட வேண்டும், சேமிப்பு அப்போதுதான் நிரம்பும். வயதுக்கு வந்ததும் கொடுக்கும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல உணவுதான். பச்சை முட்டையை மட்டும் வேக வைத்துக் கொடுங்கள், பச்சையாகக் குடிப்பதில் கிருமி வயிற்றுக்குள் போகும். களியோடு முருங்கைக் கீரை, கேழ்வரகு, முடிந்தால் ஈரலும் சேரட்டும்.

மாதவிலக்கு வலிக்கு வருவோம். தொடங்கும் நேரத்தில் கர்ப்பப்பையின் உள்வரியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, தசையை இறுக்கிப் பிழிகிறது. வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால்தான். வலி மாத்திரை அந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கிறது. அதனால் சுருண்டு படுத்த பிறகு போட்டால் பயன் குறைவு; இரத்தம் தெரிந்தவுடன் போட வேண்டும். மெஃபெனமிக் அமிலம் 14 வயதுக்கு மேற்பட்டவருக்கு முதலில் 500 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 250, சாப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று நாளுக்கு மட்டும். ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. இந்த மருந்தால் அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரித்திருக்கிறது. காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தால் நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். முறையாகப் போட்டும் மூன்று மாதத்தில் வலி குறையவில்லை, பள்ளிக்குப் போக முடியவில்லை என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்வரி போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற பதில் மருத்துவமாகாது. மாதவிலக்கோடு சம்பந்தமில்லாமல் ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் வலி, கூடவே வாந்தி என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வலது பக்கம் வந்தால் குடல்வால் என்று எண்ணி நேரம் கடத்துவதும் உண்டு. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் சினைப்பையைக் காப்பாற்ற முடியும்.

அடுத்தது சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓடி. 15, 16 வயதுப் பெண்ணுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனதும் மருத்துவரைப் பார்க்காமலே ஸ்கேன் எடுத்து, அதில் "பிசிஓடி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீடே இடிந்துபோகிறது. இந்த வயதுச் சினைப்பையில் சிறு சிறு நுண்பைகள் நிறையத் தெரிவது இயல்பு. அதனால்தான் வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகும் வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இளம் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: ஒன்று, மாதவிலக்கு ஒழுங்கின்மை, இன்னொன்று, ஆண்மை ஹார்மோன் கூடியதன் அடையாளம், அதாவது மோவாய், மேலுதடு, மார்பில் முரட்டு முடி, கடும் பரு, அல்லது இரத்தப் பரிசோதனையில் கூடுதல் அளவு. ஒழுங்கின்மைக்கும் கணக்கு உண்டு. முதல் ஆண்டு எப்படி வந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. அதற்குப் பிறகு மூன்றாம் ஆண்டு வரை 21 முதல் 45 நாள் இடைவெளி சரி. மூன்று ஆண்டுக்குப் பிறகு 21 முதல் 35 நாள். முதல் ஆண்டு கடந்த பிறகு எப்போதாவது ஒரு முறை 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் பார்க்காமல் நீர்க்கட்டி என்று முத்திரை குத்துவதும் தவறு. விடுதியில் தங்கி நீட் பயிற்சிக்குப் படிக்கும் பெண்ணுக்குச் சாப்பாடு குறைந்து, எடை இறங்கி, மன அழுத்தத்தில் நின்றுபோவது தனி விஷயம். உண்மையிலேயே நீர்க்கட்டி நோய் இருந்தாலும், எடை அதிகமுள்ளவர்கள் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே சுழற்சி திரும்பப் பலருக்கு வாய்ப்பு உண்டு. "குழந்தையே பிறக்காது" என்பது பொய். அந்தப் பேச்சை அந்தப் பெண்ணின் காதுபட யாரும் பேசாதிருக்க வேண்டும்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடி வெள்ளி, திருப்பதிப் பயணம் என்றால் மெடிக்கலில் போய் "தள்ளிப்போடுற மாத்திரை" கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது நோரெத்திஸ்டிரான் 5 மில்லிகிராம். வர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, நாளைக்கு மூன்று வேளை போட வேண்டியது; நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். முந்தின நாள் போட்டால் பயன் இல்லை, இடையிலேயே கசியும். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த வரலாறு வீட்டில் யாருக்காவது இருந்தாலோ, கண்ணில் வெளிச்சம் மின்னி வரும் ஒற்றைத் தலைவலி அல்லது கல்லீரல் கோளாறு பெண்ணுக்கு இருந்தாலோ ஆபத்து. ஒழுங்கில்லாமல் வரும் பெண்ணுக்கு இதை ஆண்டுக்கு நாலைந்து முறை கொடுத்தால் அடியில் இருக்கும் கோளாறு மறைந்தே போகும்.

வெள்ளைப்படுதலுக்குப் பயந்து வருபவர்களும் நிறைய. நிறமில்லாமலோ லேசான வெண்மையாகவோ, வாடையும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் அது இயல்பு, "உடம்பு உருகிப் போகிறது" என்பதெல்லாம் இல்லை. தயிர் திரிந்தது போல இருந்து அரித்தாலோ, பச்சை மஞ்சளாக நாறினாலோ சிகிச்சை வேண்டும். நீர்க்கடுப்பு இதைவிட அதிகம். 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பள்ளி மாணவிகளும், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் இளம் பெண்களும் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். நாப்கினையும் காலை ஏழு மணிக்கு வைத்ததை மாலை ஐந்துக்குத்தான் மாற்றுகிறார்கள். எவ்வளவு குறைவாகப் போனாலும் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். துணி பயன்படுத்துபவர்கள் சோப்புப் போட்டு அலசி நேரடி வெயிலில் காய வைத்தால் துணியும் நல்லதுதான். அலமாரி இடுக்கில், கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காய வைப்பதால்தான் தொற்று வருகிறது.

முதல் சந்திப்பிலேயே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் ஆறு மாத இடைவெளியில் 2 ஊசி, 15 வயதுக்கு மேல் 3 ஊசி என்பது வழக்கமான கணக்கு. 9 முதல் 14 வயதில் ஒரே ஊசியும் பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியது. 14 வயதுப் பெண்களுக்கு அரசே போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது.

கல்யாணம் நிச்சயமான பெண் 21 வயதானாலும் 27 வயதானாலும் முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பாவது வர வேண்டும். ஹீமோகுளோபின், இரத்த வகை, தைராய்டு பார்த்து, கருவைப் பாதிக்கும் ருபெல்லா அம்மைக்கான ஊசி போட வேண்டியிருந்தால் போட்டு, ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தொடங்கலாம். கருவின் முதுகுத்தண்டு உருவாவது பலருக்குக் கர்ப்பம் என்று தெரியும் முன்பே நடந்துவிடுவதால், கர்ப்பம் என்று தெரிந்த பிறகு தொடங்குவது தாமதம். சொந்தத்தில் கட்டுபவர்கள் மரபியல் ஆலோசனையும் கேட்கலாம். குழந்தையைத் தள்ளிப்போட விரும்பினால் அதற்கான வழியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு இந்த வயது வரம்பு எதுவும் கிடையாது. எந்த மருத்துவமனையும் இலவசமாக, உடனே சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது சட்டம். போலீஸ் புகார் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. கர்ப்பத்தையும் எச்ஐவி தொற்றையும் தடுக்கும் மருந்துகள் 72 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும், முடிந்தவரை முன்பாக. குளித்திருந்தாலும் துணி துவைத்திருந்தாலும் வரலாம். பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தடை செய்துவிட்டது. யாராவது செய்ய முற்பட்டால் மறுக்கலாம்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: ஹீமோகுளோபின் பார்க்கவும் இரும்பு மாத்திரை வாங்கவும் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். கிராம சுகாதார செவிலியரிடம் நாப்கின் முதல் சந்தேகம் வரை எதையும் கேட்கலாம். மருத்துவரைப் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, வேலூர் பென்ட்லண்ட், வாலாஜா, குடியாத்தம், திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. எதுவும் புரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

அரசுக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு கோரிக்கை. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்ததால் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைப் பார்த்து மருத்துவம் படிக்கப் போன ஐடா ஸ்கடர், 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. இன்று இங்கே பெண் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 14 வயதுப் பெண் அவரைப் பார்க்க வேண்டுமானால் நிறைமாதக் கர்ப்பிணிகளோடு ஒரே பெஞ்சில், பள்ளிச் சீருடையில் உட்கார வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கும் பார்வையிலேயே தாய் எழுந்து போய்விடுகிறார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பிற்பகலை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கென்று ஒதுக்கி, தனி அறையும் தனி டோக்கனும் தாருங்கள். கர்ப்பிணிகள் பகுதியைக் கடக்காமல் போகும் வழியாக இருக்கட்டும். எந்தச் சனிக்கிழமை, எந்த அறை என்பதை எட்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்தும் பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களிலிருந்தும் வர முடியாத பிள்ளைகளுக்கு, பள்ளிக்கே வரும் மருத்துவக் குழுவில் பெண் மருத்துவர் ஒருவரும் ஹீமோகுளோபின் பார்க்கும் கருவியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
வேலூர்.